படகுக்காரர் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார்

ஒரு படகுக்காரர் செத்துப்போனதை என் மகளிடம் ஏழு வருஷம் மறைத்தேன். அவர் வீடியோ கேமில் வருகிற ஆள். ஆனால் நான் மறைத்தது நிஜம்.

எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் நீங்கள், சாயங்காலமானால் மாடிப்படியில் உட்கார்ந்து, பழைய கேம் நல்லதா புதுசு நல்லதா, படம் பளபளப்பானதில் கதை போய்விட்டதா என்று சண்டை போடுகிறீர்கள். ஒரு நாள் என்னையும் நிறுத்திக் கேட்டீர்கள். தண்ணீர் கேன் தோளில் இருக்கிறது என்று சாக்குச் சொல்லி மேலே போய்விட்டேன். அன்றைக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நான் தமிழில் பத்தாவது வரை படித்தவன். பொம்மசந்திராவில் வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறேன். சந்தாபுராவில் இப்போது இருக்கிற இதே வீட்டில், என் மகளுக்கு ஏழு வயதாக இருந்தபோது, யாரோ விளையாடித் தீர்த்த ஒரு பழைய கேம் பெட்டியை வாங்கி வந்தேன். கூடவே ஒரே ஒரு சிடி தட்டு. நாமே ஓர் ஆளாக மாறி ஊர் ஊராகப் போய், வழியில் பார்க்கிறவர்களோடு பேசி, சண்டை போட்டு, ஒரு பெரிய கதையை மாதக்கணக்கில் நடந்து முடிக்கிற விளையாட்டு அது. பாகம் பாகமாக வந்துகொண்டே இருக்கும். எங்களிடம் இருந்தது நாலாம் பாகம்.

அதில் மனிதர்கள் கட்டைவிரல் அளவுதான் இருப்பார்கள். குரல் கிடையாது. யாராவது பேசினால் கீழே ஒரு கட்டத்தில் இங்கிலீஷில் எழுத்து வரும். பொத்தானை அழுத்தும்வரை அந்த எழுத்து அப்படியே காத்திருக்கும். அதுதான் எனக்கு வசதி. முதல் ஷிப்டு முடிந்து மூன்று மணிக்கு வருவேன், அவள் பள்ளியிலிருந்து வருவாள். எழுத்துக் கூட்டிப் படித்து, தமிழில் அவளுக்குச் சொல்வேன். தெரியாத வார்த்தை வந்தால் நானே ஒன்றை வைத்துக்கொள்வேன். சொல்லி முடித்ததும் “ஆய்த்தா?”, முடிந்ததா என்று கன்னடத்தில் கேட்பேன். அவள் “ஆய்த்து” என்ற பிறகுதான் பொத்தான்.

அந்தக் கதையில் ஆற்றைக் கடத்திவிடுகிற ஒரு கிழட்டுப் படகுக்காரர் உண்டு. துடுப்புப் போடும்போது பாடுவார். பாட்டு என்றால் திரையில் மூன்று இசைக்குறிகள், அவ்வளவுதான். அதற்கு நான்தான் பாடவேண்டும். என் மகளுக்கு அந்த ஆட்டத்தில் வேறு யாரும் வேண்டாம், அவர் போதும்.

கதை நடுவில் வெள்ளம் வருகிறது. ஊரைக் காப்பாற்ற மதகை மூட வேண்டும், படகுக்காரர் மதகுக்கு வெளியே நிற்கிறார். கட்டத்தில் இரண்டு வரி வந்தது. படித்தேன், புரிந்தது. அன்று அவளுக்குக் காய்ச்சல், என் மடியில் சாய்ந்திருந்தாள். பொத்தானை அழுத்தினேன். மதகு மூடியது, அவர் இல்லை. எங்கே போனார் என்று கேட்டாள். மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்றேன்.

இதுவரைக்கும் எந்த அப்பனும் செய்வதுதான். அதற்குப் பிறகு செய்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆட்டம் ஆரம்பிக்கும்போதெல்லாம் அவள் முதலில் ஆற்றங்கரைக்குப் போகச் சொல்வாள். அங்கே காலிப் படகு, நாலு புள்ளி மாதிரி, கட்டிக் கிடக்கும். அதன் முன்னால் நின்று பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்ப்பாள். நான் அதை உபயோகப்படுத்திக்கொண்டேன். பாகற்காய் தின்றால் வருவார். கணக்குப் போட்டால் வருவார். தம்பியை அடிக்காமல் இருந்தால் நாளைக்கு நிச்சயம் வருவார். அவள் பாகற்காயைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். நானும் என் மனைவியும் சமையலறையில் நின்று சிரித்திருக்கிறோம். ஆட்டம் முடிந்து, பெட்டி பரண் மேல் போகும்வரை அவர் வரவில்லை.

போன வருஷம் அதே நாலாம் பாகத்தைப் புதுப் படம் போட்டுத் திரும்பக் கொண்டுவந்தார்கள். என் மைத்துனர் தன் புதுப் பெட்டியோடு அதைக் கொடுத்தார். மகளுக்கு அப்போது பதினாலு, தம்பிக்குப் பத்து. நான் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தேன். கட்டைவிரல் ஆட்கள் நிஜ மனிதர்கள் மாதிரி ஆகியிருந்தார்கள். கதாநாயகன் மலை உச்சியில் நிற்கிறான், தலைமுடி காற்றில் ஆடுகிறது, ஆடிக்கொண்டே இருக்கிறது, ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேச ஆரம்பித்தால் யாருக்காகவும் நிற்பதில்லை. நான் முதல் வாக்கியத்தைக் கூட்டுவதற்குள் நாலாவது போய்விடும். சண்டையில் வெளிச்சம் தெறித்து, அடித்தது யார் விழுந்தது யார் என்றே தெரியாது. படம் வந்து கதையைத் தின்றுவிட்டது என்று சொன்னேன். வீட்டில் சொன்னேன், கம்பெனிக் கேன்டீனில் சொன்னேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள்.

படகுக்காரர் வந்தார். கனமான குரலில், பின்னால் வயலின் எல்லாம் வைத்துப் பாடினார். “இது அவர் பாட்டு இல்ல,” என்றாள் மகள். எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். பாத்தியா, நான் சொன்னேன்ல என்றேன்.

அடுத்த ஞாயிறு மதியம் மதகு வந்தது.

புதியதில், மதகை மூட நாம்தான் பொத்தானைப் பிடித்து அழுத்த வேண்டும். அவள் அழுத்தவில்லை. வெள்ளம் அப்படியே சுழன்றது, அவர் மழையில் நனைந்து நின்றார், பொத்தான் படம் திரையில் மின்னியது. தம்பி இரண்டு தரம் “அழுத்துக்கா” என்றான். பிறகு கன்ட்ரோலரைப் பிடுங்கி அவனே அழுத்தினான். பத்து நிமிஷம் காட்டினார்கள். தண்ணீர் எப்படி ஏறுகிறது, சட்டை எப்படி உப்புகிறது, வாயிலிருந்து கடைசிக் குமிழி எப்படி வருகிறது, எல்லாம். அவள் திரும்பி என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் தம்பி தன் சிநேகிதர்களைக் கூட்டி வந்தான். உங்களில் மூன்று பேர் அன்று இருந்தீர்கள், ஞாபகமிருக்கும். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டான். தண்ணியப் பாருடா, துளித் துளியாத் தெரியுது என்று பெருமையாகச் சொன்னான். முகத்தின் மேல் நிறுத்தி, பெரிசாக்கிக் காட்டினான். ஒருவன் அதே மாதிரி தன் வாயைப் பிளந்து காட்டினான், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். என் மகள் சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நீங்கள் போகும்வரை பிசைந்தாள்.

பிறகு பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கினாள். அதே தட்டு, அதே மதகு. அந்த இரண்டு வரி வந்ததும் எனக்குத் தமிழில் சொன்னாள்.

“‘கதவை மூடு. என்னைப் பாக்காதே.’ இவ்ளோதான்ப்பா எழுதியிருக்கு. இது உனக்குப் படிக்க வரலையா?”

வந்தது என்றேன். உனக்கு ஜுரம் என்றேன்.

“ஜுரம் நாலு நாள். படகுகிட்ட என்னை எத்தனை மாசம் நிக்க வெச்ச?”

நான் பெட்டியை அணைக்கப் போனேன்.

“அவருக்கு மகளே கிடையாது. புதுசுல அவரே சொல்றாரு, எனக்குன்னு யாரும் இல்லன்னு. நீ பாட்டுக்கு ஒரு மகளை வெச்சு, அந்த வீட்டுக்கு அனுப்பிட்ட. படம் கதையைத் தின்னுடுச்சுன்னு ஊர்பூரா சொல்றியே, எனக்கு வரவேண்டிய கதையைத் தின்னது யாருப்பா?”

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். படம் கதையைத் தின்கிறதா? தின்கிறது. என் மகன் ஒரு மனிதர் மூழ்குவதைத் தண்ணீர் அழகுக்காகப் போட்டுக் காட்டினான், நீங்கள் அதற்குச் சிரித்தீர்கள். நாலு புள்ளிப் படகைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. ஆனால் அந்தப் பளபளப்பு இல்லாவிட்டால், செத்தவரை என் மகள் இன்னும் உயிரோடு இருப்பதாகவே நினைத்திருப்பாள். குரலும் மழையும் வந்து அவளுக்கு நேராகச் சொல்லிவிட்டன. எனக்குப் பழசு பிடித்ததற்குக் காரணம், அதில் வாய் என்னுடையது மட்டுமாக இருந்தது. அந்த வாயால் நான் என்ன செய்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

அவள் அப்படிக் கேட்டு இரண்டு வாரம் கழித்து கம்பெனியில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். பெரிய திரை வைத்த புது மெஷின்கள் வந்திருந்தன, எங்களுக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்திருந்தார்கள். திரையில் வருவதெல்லாம் இங்கிலீஷ். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்திருந்தேன். கம்பெனிக் கடிதத்து இங்கிலீஷ் எழுத்துக் கூட்டினாலும் எனக்குப் பிடிபடாது, இரண்டு வருஷமாக மகள்தான் படித்துச் சொல்கிறாள். இதையும் கொடுத்தேன். பள்ளிப் பையைக்கூடக் கழற்றாமல், நின்றபடியே படித்தாள். ஒரு வரி இங்கிலீஷ், ஒரு வரி தமிழ்.

“‘பயிற்சியில பாத்ததுல, திரையில வர்றதைப் படிச்சுப் புரிஞ்சுக்க இவரால முடியலை. திரும்பச் சொல்லிக் குடுத்தாலும் பிரயோசனம் இருக்காது. ஒண்ணாம் தேதியிலேர்ந்து பேக்கிங் செக்‌ஷனுக்கு மாத்துறோம்.’”

என் மனைவி உள்ளேயிருந்து வந்து வாசலில் நின்றாள். மகன் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா, நல்லா பாரு என்றேன்.

பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இல்லை என்று கடிதத்தை என் கையில் கொடுத்தாள். அவள் குரலில் கோபமில்லை. எழுதியிருந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

பீரோவில் பழைய கம்பெனிக் கடிதங்கள் நாலைந்து இருக்கின்றன. ஒன்றில் என் வேலையைப் பாராட்டியிருக்கிறார்கள், இன்னொன்றில் மற்றவர்களும் இவரைப் போல இருக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவள்தான் படித்துச் சொன்னாள். வேறு யாரிடமாவது கொடுத்து அவற்றைப் படிக்கச் சொல்லலாம். உங்களில் ஒருவர்கூட இரண்டு நிமிஷத்தில் படித்துவிடுவீர்கள். இதுவரை கொடுக்கவில்லை.