அழுத்தும்போது கால் பட்டால் என்ன செய்வது?

இன்று திருப்பதியில் ஜியு-ஜிட்சு மல்யுத்த வகுப்பு. மல்லாந்து கிடப்பவன் மேலே படுத்து, எழவிடாமல் அழுத்த வேண்டும்.

"முட்டிய தரையில ஊணாத. ஒன் பாரம் பூரா அவன் நெஞ்சு மேல எறங்கணும். இன்னிக்கும் அவன எழவுட்டா, போட்டியில ஒன் பேரு கெடையாது" என்றார் மாஸ்டர்.

கீழே கிடந்தவன் முரளி. முகம் சிவந்து மூச்சு வாங்கினான். ஜெயித்தேன் என்று நினைத்தபோது என் கால் அவன் தோளில் பட்டுவிட்டது.

யோசிக்கவே இல்லை. பிடியை விட்டு, அவன் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அதற்குள் என்னைப் புரட்டிப் போட்டு மேலே ஏறிவிட்டான்.

"டேய், சண்ட போட்டுக்கினு கீறியா, சாமி கும்புட்டுக்கினு கீறியா?" என்று மாஸ்டர் கத்தினார்.

அடுத்த நொடி முரளியின் கால் என் தலையில் இடித்தது. "ஐயோ, சாரிண்ணா" என்று அவனும் பிடியை விட்டுவிட்டுக் கையைக் கண்ணுக்குக் கொண்டுபோனான். புரட்டிவிட்டேன்.

நேரம் முடிந்தபோது மேலே இருந்தது நான். மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டே என் பெயரைச் சேர்த்துவிட்டார்.

போட்டிக்கு என் உத்தி தயார். ஆரம்பித்ததும் எதிராளியின் காலில் போய் என் தலையை இடித்துக்கொள்வேன். எதற்கும் அவன் எந்த ஊர்க்காரன் என்று யாராவது விசாரித்துச் சொல்லுங்களேன்.