இரண்டு கூண்டு, ஒரே ஈரல்

"முட்டை போடுற வாத்துக்குத்தான் நத்தைத் தீனி, பொண்ணே. குஞ்சுக்கு எதுக்கு?" என்றாள் வாத்து வளர்க்கும் தெல்பினா.

"குஞ்சுக்குத்தான் முக்கியம், அக்கா," என்றாள் கால்நடைத் துறையிலிருந்து வந்திருந்த மரிவிக். "முதல் மூணு வாரம் புரதம் கம்மியானா ஈரல், குடல், இரைப்பை எதுவும் சரியா வளராது. தேறி வர ரொம்ப நாளாகும். முட்டையும் தள்ளிப் போகும்."

"வாத்து வயித்துக்குள்ள போயிப் பாத்தியா?"

"பாத்திருக்கேன். அறுத்து, தராசுல வச்சு."

"அடிப்பாவி! சமைக்காமலா?"

தெல்பினா சிரித்தால் லகுனா ஏரிக்கரையில் மூன்று வீடு தாண்டிக் கேட்கும். ஆனால் அன்றைய சிரிப்புக்கு அடியில் பயம் இருந்தது. போன மந்தை ஏழு மாதமாகியும் பாதிகூட முட்டையிடவில்லை. அவளிடம் முட்டை வாங்கி, உள்ளே குஞ்சு பாதி உருவானதும் கருமுட்டையாக அவித்து விற்கும் ருஃபினோ, "இந்த மந்தையும் இப்படின்னா வேற இடம் பாத்துக்குவேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அதனால்தான் மரிவிக் கேட்ட பரிசோதனைக்குச் சம்மதித்தாள்.

நாற்பது பெட்டைக் குஞ்சுகள், அடுத்தடுத்து இரண்டு கூண்டு. ஒன்றுக்குத் தவிட்டோடு இடித்த நத்தைச் சதை. மற்றதற்கு வழக்கம்போல் தவிடும் நொய்யும் மட்டும். மரிவிக் தினமும் காலையில் வந்து தீனியை அளந்து கொடுத்துவிட்டுப் போவாள்.

இருபத்தோராம் நாள் கூண்டுக்கு இரண்டாக நான்கு குஞ்சுகளை அறுத்தார்கள். சமையல் மேசையில் தராசை வைத்து மரிவிக் ஒவ்வொன்றாக நிறுத்தாள். ஈரல் ஏறத்தாழ ஒரே எடை. இரைப்பையும் அப்படியே. குடலை நீட்டி அளந்தாள், விரற்கடை வித்தியாசம்தான். முகம் வாடிவிட்டது. தராசைத் துடைத்து மறுபடி நிறுத்தாள். மறுபடியும் அதே.

அடுப்பில் பூண்டும் வினிகரும் கொதித்துக்கொண்டிருந்தன. தெல்பினா முதுகைக் காட்டிக்கொண்டு கிளறினாள். வாயைத் திறக்கவில்லை. அதுதான் மரிவிக்குக்கு விசித்திரமாக இருந்தது.

"அக்கா, ஏன் பேசாம இருக்கீங்க?"

கரண்டி நின்றது.

"எட்டாம் நாளு பாத்தேன். அந்தக் கூண்டுல கொழுகொழுன்னு ஓடுதுங்க. இதுங்க வாடிப்போய்க் கம்பி வழியா அதுங்க தட்டையே பாத்துட்டு நிக்குதுங்க. எந்தப் பொம்பளைக்கு மனசு கேக்கும்? நீ அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் ஒரு சட்டி நத்தை வச்சேன். தினமும்."

மரிவிக் அவளையே பார்த்தாள். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள்.

"கண்ணாலயே அளந்துட்டீங்க, தராசே வேணாமே அக்கா உங்களுக்கு!"

"எடை போட்டாச்சுல்ல? ஈரலை இப்படிக் குடு. பூண்டு தீயுது."

ஐந்தாம் மாதம் முடிவதற்குள் வைக்கோலில் முட்டை கிடந்தது. சில வாரங்களில், முப்பத்தாறு வாத்துக்கு ஒரு காலையில் முப்பத்தொரு முட்டை. ருஃபினோ தானே கூடையோடு வந்து நின்றான். தெல்பினா அவனைக் கொஞ்ச நேரம் வெயிலில் காக்கவைத்தாள்.

மறுநாள் அலுவலகத்துக்கு அறிக்கை எழுத உட்கார்ந்த மரிவிக்கின் பக்கத்தில் தெல்பினா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"என் முழுப் பேரையும் அதுல எழுது, பொண்ணே. ஏமாத்தினேன்னே எழுது, பரவாயில்ல. ஆனா குஞ்சுக்கு நத்தை வேணும்னு எட்டாம் நாளே கண்டுபிடிச்சேன்னும் எழுது."