அம்மா மாற்றி ஊற்றிய தண்ணீர்

நான் செய்வது பொடி ரோபோக்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாது. இரும்புத் தூள் பூசிய துகள்கள்தான். வெளியே காந்தத்தைச் சுழற்றினால் தண்ணீருக்குள் கூட்டமாக ஓடி, நுண் பிளாஸ்டிக்கை ஒட்டிக்கொண்டு வரும். திண்டுக்கல்லில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆய்வைத் தொடரலாமா, மூட்டை கட்டலாமா என்று முடிவு செய்ய ஒரு குழு வருவதாக இருந்தது. ஊர்க் குளத்துத் தண்ணீரை அவர்கள் கண் முன்னால் சுத்தம் செய்து காட்ட வேண்டும். முந்தின நாளே அந்த நாற்றத் தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து வந்து வீட்டில் வைத்திருந்தேன்.

காலையில் குடுவையைத் தூக்கினால், தண்ணீர் பளிங்காட்டம் இருக்கிறது!

"அம்மா, இதுல இருந்த தண்ணி எங்க?"

"சாக்கடையில கொட்டிட்டேன். பெரிய மனுசங்க முன்னாடி அம்புட்டு அழுக்குத் தண்ணியவா கொண்டு போயி வைப்ப? நம்ம குடிக்கிற தண்ணிய ஊத்தியிருக்கேன்."

என்றைக்கோ ஒருநாள் குழாயில் வரும் தண்ணீர் அது. பக்கத்து வீட்டுக்கு ஒரு சொம்பு கொடுக்கவே யோசிப்பவள், எனக்காகக் குடுவை நிறைய ஊற்றி வைத்திருக்கிறாள். தலையிலடித்துக்கொண்டு கத்தினேன். மறுபடி குளத்துக்கு ஓட நேரமில்லை.

வேறு வழியில்லாமல் அதையே குழுவின் முன் வைத்தேன். மானம் போகப்போகிறது என்றுதான் காந்தத்தைச் சுழற்றினேன். நுண்ணோக்கித் திரையில் பார்த்தால், ரோபோக்கள் கொத்துக் கொத்தாக நீல இழைகளைப் பிடித்துக்கொண்டு வருகின்றன. எனக்கு உடனே விளங்கிவிட்டது. தூசியை வடிகட்ட அம்மா குழாய் வாயில் கட்டுவது தன் பழைய நீலப் பாலியெஸ்டர் சேலையின் கிழிசலை. பாலியெஸ்டரும் பிளாஸ்டிக்தானே! அதுதான் இழை இழையாகக் குடத்துக்குள் உதிர்ந்திருக்கிறது.

"எந்தக் குளத்துத் தண்ணிம்மா இது?" என்றார் குழுவில் ஒருவர்.

"எங்க வீட்டுக் குடிதண்ணி சார்."

ஆய்வைத் தொடரச் சொல்லிவிட்டார்கள். கை குலுக்கினார்கள். சந்தோஷமாவது ஒன்றாவது! இத்தனை நாளாக அதைத்தானே குடித்துவருகிறோம்.

வீட்டுக்கு வந்ததும் குழாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து எறிந்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அம்மா குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அப்ப உன்னோட ரோபோப் பூச்சிகள நம்ம குடத்துல விடு. அள்ளிட்டு வந்துரட்டும்."

"குடிக்கிற தண்ணியில விடக்கூடாதும்மா. விட்டா, அதுகள முழுசா வெளிய எடுத்துர முடியுமான்னே இன்னும் தெரியல."

"எப்பத் தெரியும்?"

"வருசக்கணக்காகும்."

"அதுவரைக்கும்?"

எரிந்து விழ வாயெடுத்தேன். அதை விழுங்கிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். அம்மா சோற்றைப் போட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தாள். முதல் கவளத்திலேயே விக்கல் எடுத்தது. வீட்டில் வேறு தண்ணீர் இல்லை. குடித்தேன்.