இடது கரைக்குப் பாரம்

செவிலிமேட்டில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு கோடைக்காலம் முழுக்க மோட்டார் படகு ஒன்று, எங்கள் வாயில் போட்டு, டிரெய்லரோடு நின்றது. டவுன் பஸ் திரும்புகிற தெரு அது. டிரைவர் ஒவ்வொரு முறையும் ஹாரன் அடித்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இன்னாமா, பாலாத்துல எப்போ தண்ணி விடறாங்களாம்?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை நகர்த்துவார். எதிர்வீட்டு அம்மாவுக்குக் கோயில் தெப்பத்தை எங்களிடம் ஒப்படைத்துவிட்டார்களோ என்று சந்தேகம். நான் தறியில் உட்கார்ந்தபடியே பதில் கொடுப்பேன். "வெள்ளம் வந்தா உங்கள எல்லாம் ஏத்திக்கினு போவத்தான் வாங்கிருக்கோம். யாரு யாரு கேலி பண்றீங்கன்னு ஞாபகம் வெச்சுக்கினு இருக்கேன்."

போட்டு என் தங்கச்சியுடையது. கல்யாணம் சரிப்படாமல் அவள் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். கூடவே திரும்பி வந்த நகைகளை விற்று, ஏதோ ஒரு விடுதிக்காரர் ஓரங்கட்டி வைத்திருந்த இந்தப் பழைய போட்டை வாங்கினாள். சென்னையில் வேலை பார்த்தபோது, கடலோரம் உப்பங்கழியில் போட்டுக்குப் பின்னால் அலைச்சறுக்கு பழகியிருந்தாள். போட்டு கிழித்துக்கொண்டு போகும்போது அதன் வாலில் ஓர் அலை எழும். முதலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பலகைமேல் எழுந்து நிற்க வேண்டும். பிறகு கயிற்றை விட்டுவிட்டு, அந்த அலை தள்ளுகிற தள்ளிலேயே பின்னால் வந்துகொண்டிருக்க வேண்டும். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்துக்கொள்வேன் என்றாள். தண்ணீருக்குள் சுழலுகிற விசிறி காலைச் சீவிவிடாதா என்று கேட்டேன். இந்தப் போட்டில் எஞ்சின் உள்ளே இருக்கிறது, விசிறியும் பின்னால் துருத்திக்கொண்டு நிற்காமல் அடிவயிற்றுக்குக் கீழே இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் குனிந்து காட்டிய பிறகுதான் சரி என்றேன்.

அவர் கூரத்துக்காரர். உழவுக் குடும்பம். டிராக்டர் மெக்கானிக்காக ஆரம்பித்து, இப்போது எந்த எஞ்சினைக் கொடுத்தாலும் ஓடவைத்துவிடுவார். எனக்குத் தறி. அவருக்கும் எனக்கும் கல்யாணமான நாளிலிருந்து ஒரே ஒரு விஷயத்தில் சண்டை. நெசவுக்காரர் வீட்டில் எதற்கும் ஓரம் கிடையாது, கரைதான். சேலைக்குக் கரை இருக்கிற மாதிரி பாய்க்கும் கரை, கட்டிலுக்கும் கரை, தோசைக்கும் கரை. "தோசைக்கு இன்னாமா கரை? அது இன்னா ஏரியா, கொளமா?" என்பார் அவர். இத்தனை வருஷத்தில் அவரும் திருந்தவில்லை, நானும் திருந்தவில்லை.

தங்கச்சி வந்த புதிதில், ஒரு விசேஷத்துக்கு அழைக்க வந்த அத்தை ஒருத்தி கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "இவளும் இங்கயேதான் இருக்காளா? உனக்குப் பாரந்தான்மா" என்றாள். "ஏன் அத்த, உங்க வூட்டுக் கூரை மேலயா உக்காந்துருக்கா? இங்க கூடத்துலதான இருக்கா?" என்று நான் கேட்டதும் அத்தை காபியைக்கூட முழுசாகக் குடிக்காமல் எழுந்து போனாள். போகட்டும். ஆனால் அந்தக் காபியைக் கொண்டுவந்து வைத்தவள் தங்கச்சி. அன்றைக்கு ராத்திரியிலிருந்து அவள் ஒரே தோசையோடு எழுந்துவிடுவாள். இன்னொன்று போடட்டுமா என்றால், "போதும்கா, வயிறு ரொம்பிடுச்சி" என்பாள். சின்ன வயசில் என் தட்டிலிருந்தும் பிடுங்கித் தின்றவள் அவள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உப்பங்கழியில் படகுத்துறை நடத்துகிற ஒருவர், சின்னப் போட்டில் அவ்வளவு அலை வராது, எதற்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். கயிற்றை விட்டுவிட்டு, கழி திரும்புகிற வளைவு வரைக்கும் விழாமல் போய்க் காட்டினால், அவருடைய துறையில் இந்தப் போட்டை வைத்துத் தங்கச்சி வகுப்பு எடுக்கலாம். இல்லையென்றால்? "போட்ட வித்துட்டு பெங்களூரு ஹாஸ்டலுக்குப் போயிடறேன்கா. அங்க எதாவது வேல கெடைக்கும்" என்று பாத்திரம் துலக்கிக்கொண்டே முதுகைக் காட்டிச் சொன்னாள். அவள் போகக் கூடாது என்று எனக்கு இருந்தது. வாயைத் திறந்து சொன்னால் அழுதுவிடுவேன் என்று தெரிந்ததால், "மொதல்ல போட்டு வேலையப் பாரு" என்றேன்.

போட்டின் குறையே அதன் எடைதான். காலியாக ஓடினால் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும், அலை எழும்பாது. பாரம் ஏற்றினால் வால் அமுங்கி, தண்ணீரைத் தள்ளி, அலை உயரும். பாரம் என்றதும் நான் மணல் மூட்டையைக் காட்டினேன். எங்கள் தறியில் கரைக்கு ஓடும் நூல் தனியாக வரும். அது தொய்யாமல் இருக்க மணல் மூட்டை கட்டித் தொங்கவிடுவோம். தங்கச்சி ஒத்துக்கொள்ளவில்லை. மணல் சிந்தினால் உள்ளே சேரும் தண்ணீரை வெளியேற்றுகிற பம்பு அடைத்துக்கொள்ளும், தண்ணீரையே பாரமாக ஏற்றினால் வேண்டாதபோது திறந்துவிட்டுவிடலாம் என்றாள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. வீட்டுக்காரர் கூரத்துக்குப் போய் டிராக்டர் முன்சக்கர டியூப்புகளை அள்ளிக்கொண்டு வந்தார். சேற்றுழவுக்குச் சக்கரத்தில் தண்ணீர் நிரப்பி எடை ஏற்றுவது அவர்கள் ஊரில் வழக்கம். அந்த மாதிரி ஒரு டியூப்பில் காற்றடித்து, கூரத்துக் கிணற்றில் தங்கச்சிக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். "அன்னிக்கு ஒன்ன மெதக்க வெச்சது, இன்னிக்கு போட்ட அமுக்கப் போவுது பாரு" என்று அவளைச் சீண்டினார்.

வெறும் டியூப்பில் தண்ணீர் ஏற்றினால் பூசணிக்காயாக உப்பிக்கொள்ளும். அதனால் ஒவ்வொன்றுக்கும் கித்தானில் இறுக்கமாக உறை தைத்தேன். கைப்பிடி வைத்துத் தைத்தேன். தையல் பிரிந்தால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன் என்று தெருவுக்கே சொன்னேன், இன்றைக்கு வரை ஒன்றும் பிரியவில்லை. போட்டு எத்தனை பேரைத் தாங்கும் என்று உள்ளே தகடு அடித்திருந்தது. ஏறுகிற ஆட்களின் எடை போக மீதிக்குத்தான் தண்ணீர் என்பதில் வீட்டுக்காரர் கறாராக இருந்தார்.

உப்பங்கழிக்குப் போய் முதல் ஒத்திகை பார்த்தபோது பாரத்தை அடுக்கியது நான். தறிக்காரியிடம் அடுக்கச் சொன்னால் எப்படி அடுக்குவாள்? இந்தக் கரைக்கு எவ்வளவோ அந்தக் கரைக்கும் அவ்வளவு. ஒரு பக்கம் பாரம் கூடினால் சேலை கோணிக்கொண்டு போகும் என்பது எங்களுக்கு ரத்தத்தில் ஊறியது. தங்கச்சி, "அப்பிடி இல்லக்கா" என்று ஆரம்பித்தாள். "நீ சும்மா இரு, எடை கட்டறது எனக்குத் தெரியாதா?" என்று அடக்கிவிட்டேன்.

போட்டு நேராக, அழகாக, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி ஆடாமல் அசையாமல் போனது. பின்னால் இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு நுரைதான் எழுந்தது. தங்கச்சி கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தியதுமே முங்கினாள். மறுபடி எழுந்தாள், மறுபடி முங்கினாள். உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டே ஏணியில் ஏறி வந்து, "சேல நெய்ய வரலக்கா இங்க" என்றாள்.

"பின்ன எப்பிடித்தான் வெக்கணும்?"

"காலைல நம்ம டவுன் பஸ்ஸு எப்பிடி போவுது? படிக்கட்டுல தொங்கறவங்க எல்லாம் ஒரே பக்கம் தொங்கிக்கினு, பஸ்ஸே இடது பக்கமா சாஞ்சுக்கினு போவுதில்ல? அப்பிடி வெக்கணும். நான் எந்தப் பக்கம் நிக்கறேனோ அந்தப் பக்கம் பின்மூலைல. மூக்குல மட்டும் ஒண்ணு, அலை நீளமா வர்றதுக்கு."

கோணலாக வைக்கச் சொல்கிறாள்! எனக்குக் கை கூசியது. இருந்தாலும் எல்லா டியூப்பையும் இடது பின்மூலைக்கு இழுத்துப்போட்டு, ஒன்றை மட்டும் முன்னால் வைத்தேன். போட்டு சாய்ந்தது. வீட்டுக்காரர் சைக்கிள் வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக, சன்னதித் தெருவில் பஸ் போகிற வேகத்தில் ஓட்டினார். அம்மாடி! வலது பக்கம் ஒன்றுமே இல்லை. இடது பக்கம் பச்சையாக, வழவழவென்று, இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர் எழுந்து எங்களைத் துரத்திக்கொண்டே வந்தது. கயிற்றை விட்டுக் கொஞ்ச தூரம் தங்கச்சி அதில் வந்தாள். வாயெல்லாம் பல். நான் எழுந்து நின்று கைதட்டப் போக, "உக்காருமா, அலை கலையுது" என்று வீட்டுக்காரர் அதட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை படகுத்துறைக்காரர் வந்தார். நல்ல ஆகிருதி. வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல். அவருடைய எடைக்காக இரண்டு டியூப்பைக் காலி செய்துவிட்டுத்தான் கிளம்பினோம். அவர் ஏறினார், போட்டு இடது பக்கம் சாய்ந்திருப்பதைப் பார்த்தார், வலது பக்கம் உயரமாகக் காய்ந்து கிடந்த இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார். அவ்வளவுதான். அவர் உட்கார்ந்ததும் போட்டு நிமிர்ந்துவிட்டது.

"சார், கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து உக்காருங்க" என்றேன் பதமாக.

"பரவால்லமா. அந்தப் பக்கம் சாயுது. எனக்கு இதான் வசதி."

தங்கச்சி தண்ணீரில் கயிற்றைப் பிடித்துக் காத்திருந்தாள். வேலை கொடுக்கப் போகிறவரை எழுந்து போ என்று எப்படிச் சொல்வது? வீட்டுக்காரர் முன்னால் பார்த்து எஞ்சினை முடுக்கினார். அலை வந்தது. ஆனால் சோற்றுக்கஞ்சி மாதிரி கலங்கி, உயரமே இல்லாமல் வந்தது. தங்கச்சி எழுந்தாள், கயிற்றை விட்டாள், விழுந்தாள். திரும்பிப் போய் அவளிடம் கயிற்றைக் கொடுத்தோம். மறுபடியும் விழுந்தாள். அவர் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். "சின்னப் போட்டுல இவ்ளோதான்மா வரும். நான் சொன்னேனே" என்றார். மூன்றாவது தடவை அவள் எழுந்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன். ஒரு தோசையோடு எழுந்து போவாளே, அதே முகம்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது. "எடது கரைக்குப் போங்க! எடது கரைக்கு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

கத்தியது அவரைப் பார்த்து. கேட்டது என் வீட்டுக்காரருக்கு. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது, நான் கரையேறச் சொல்கிறேன் என்று நினைத்து, மனுஷன் கைச்சக்கரத்தை ஒடித்து உப்பங்கழியின் இடது கரையில் இருந்த சவுக்குத் தோப்பைப் பார்த்துப் போட்டைத் திருப்பினார். போட்டு திரும்பின பக்கமாகவே சாய்ந்து படுத்தது. வெள்ளைச் சட்டைக்காரர் இருக்கையிலிருந்து வழுக்கி, "ஏய் ஏய் ஏய்" என்று கத்திக்கொண்டே வந்து, இடது பின்மூலையில் என் டியூப் மூட்டைமேல் உட்கார்ந்து, உறையின் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கரை இல்லங்க! போட்டோட கரை!"

"போட்டுக்கு ஏதுமா கரை?" என்று வீட்டுக்காரர் திரும்பிக் கத்தினார். அதற்குள் விஷயம் புரிந்துவிட்டது அவருக்கு. கைச்சக்கரத்தை நேராக்கினார். வேகத்தைக் குறைக்கவில்லை. புண்ணியவான்.

திருப்பத்தில் தங்கச்சி முழங்காலை மடக்கிக் கயிற்றை விடாமல் வந்திருந்தாள். போட்டு நேரானதும் அவளுக்குக் கீழே அலை எழுந்தது. ஒத்திகையில் வந்ததைவிட ஒரு சாண் கூடவே இருக்கும். அவள் கயிற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கயிற்றுப் பிடியைத் தூக்கி போட்டுக்குள் எறிந்தாள். சொட்டச் சொட்ட அது என் மடியில் வந்து விழுந்தது. நான் மிச்சக் கயிற்றையும் இழுத்துச் சுருட்டிக்கொண்டேன். எங்களுக்கும் அவளுக்கும் நடுவில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது. விழாமல் வந்துகொண்டிருந்தாள்.

"எழுந்துக்கலாமாமா?" என்றார் அவர், மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி. சாரல் அவர் சட்டையில் ஒரு மடிப்பைக்கூட விட்டுவைக்கவில்லை.

"நீங்க எழுந்தா அவ விழுந்துடுவா சார்."

அவர் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் தானாகவே இன்னும் மூலைக்கு நகர்ந்து, "இப்போ உசரம் ஏறுதா பாரு" என்று என்னைக் கேட்டார். வளைவு வரைக்கும் வந்து, அதையும் தாண்டி, தங்கச்சி தானாகவே பலகையை விட்டுத் தண்ணீரில் உட்கார்ந்தாள். போட்டை நிறுத்தினோம்.

அவர் சட்டையைப் பிழிந்துகொண்டே, "நம்ம தொறையிலயே கத்துக்குடுக்கட்டும்மா. வர்ற வாரமே ஆரம்பிக்கச் சொல்லு" என்றார். பிறகு மூட்டையைக் காட்டி, "ஆனா சொல்லிட்டேன், ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நான் இங்க வந்து உக்கார மாட்டேன். எனக்கு பதிலா யாரு?"

"நான் இருக்கேனே சார். நான்தான் பாரம்" என்றேன்.

ஏணியில் பாதி ஏறியிருந்த தங்கச்சி அப்படியே நின்றுவிட்டாள். "இன்னாக்கா சொன்ன?"

"காதுல தண்ணியா? இனிமே நான்தான் பாரம்னு சொன்னேன். அந்த அத்தகிட்ட போயி சொல்லு."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள், ஏணியைப் பிடித்தபடி ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். வீட்டுக்காரர் எஞ்சினில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

சாயங்காலம் வீடு வந்து சேர்ந்ததும் தோசைக்கல்லைப் போட்டேன். முதல் தோசையைத் தின்றுவிட்டுத் தங்கச்சி தட்டோடு உட்கார்ந்தே இருந்தாள்.

"அக்கா, இன்னொண்ணு. கரை நல்லா முறுவலா."

வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். நான் முறைத்ததும் மூடிக்கொண்டார். மாவைக் கல்லில் ஊற்றி, கரையைச் சுற்றி எண்ணெய் விட்டேன்.