டேனியல் வெட்டி ஒட்டிய ஊர்வலம்

செவிலிமேட்டில் டவுன் பஸ் திரும்புகிற இடத்துக்கு எதிரே ஒரு வீடியோ ஸ்டுடியோ இருக்கிறது. அதற்குள் ஒரு கம்ப்யூட்டர். அதைப் போட்டுவிட்டால், அது கண் விழித்து முடிப்பதற்குள் எதிரே கிளம்பின பஸ் காஞ்சிபுரம் பஸ் நிலையம் போய், ஆள் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்து நிற்கும். மூடியைக் கழற்றினால் மூன்று தலைமுறைப் பல்லிகள் கூட்டுக் குடும்பமாக வாழ்வதைப் பார்க்கலாம். உள்ளே காற்றாடி சுற்ற ஆரம்பித்ததும் பக்கத்தில் எங்கள் வீட்டு முருங்கை மரத்துக் காக்காய்கள் எழும்பித் திருமுக்கூடல் வரை போய்விட்டுத்தான் திரும்பும்.

அதன் முதலாளி டேனியல். ஊர், ஆற்றுப் பக்கம் இறங்கினால் வரும் ஓடைமேடு. அங்கே பெரிய தெரு என்று ஒன்று, கீழ்த் தெரு என்று ஒன்று. டேனியல் கீழ்த் தெரு. அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. அப்பா ஞானஸ்நானம் வாங்கிப் பிள்ளைக்கு டேனியல் என்று பேர் வைத்தார். அம்மா பட்டம்மாள் பட்டம்மாளாகவே இருந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மகனோடு சர்ச்சுக்குப் போய் எல்லோரையும் விட உரக்கப் பாடுவார், ஆடி மாதம் எல்லையம்மனுக்குக் கூழ் ஊற்றுவார். கேட்டால், "ரெண்டு எடத்துலயும் தெரிஞ்சவங்க இருந்தா நல்லதுதானேம்மா" என்பார்.

இந்தப் பக்கத்தில் கடந்த இருபது வருஷத்தில் நடந்த பாதிக் கல்யாணங்களை டேனியல்தான் படம் எடுத்தார். அவர் படத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் தாஜ்மகாலுக்கு மேலே பறப்பார்கள். மாமனார்கள் தாமரைப் பூவுக்குள்ளிருந்து கும்பிட்டுக்கொண்டு வருவார்கள். எல்லோரும் சாப்பிட்டு ஏப்பம் விடுகிற வரைக்கும் படம் எடுத்துவிட்டு, கடைசிப் பந்தியில் ரசத்தோடு உட்கார்ந்து, கிடைத்ததைச் சாப்பிட்டுவிட்டு வருவார்.

அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டரை அவர் மாற்றாததற்குக் காரணம் உண்டு. கேமரா கேசட்டிலிருந்து படத்தை உள்ளே இறக்க ஒரு கார்டு இருந்தது. புதிய கம்ப்யூட்டர் எதுவும் அந்தக் கார்டை மதிக்கவில்லை. ஒரு தடவை யாரோ நல்லது செய்வதாக நினைத்து அப்டேட் போட்டுக் கொடுக்க, இந்தக் கம்ப்யூட்டரே கார்டை மறந்துபோனது. டேனியல் எல்லாவற்றையும் அழித்து, முதன்முதலில் வந்தபோது இருந்தபடியே மறுபடி போட்டார். அதோடு இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கி, துணி காயப்போடும் கொடியாகக் கட்டிவிட்டார். அப்டேட் என்கிற வார்த்தையே அதற்குப் பிறகு அந்தக் கடைக்குள் வரவில்லை.

அதனுடைய ஹார்ட் டிஸ்க் சின்னது. ஒரு கல்யாணத்தை முடித்து வெளியே அனுப்பினால்தான் அடுத்த கல்யாணம் உள்ளே வர முடியும். அதனால் காப்பி எடுப்பது என்பதே டேனியலின் விரல்களுக்குத் தெரியாது. கட், பேஸ்ட். இங்கே வெட்டி அங்கே ஒட்டுவது. இங்கேயும் இருக்கட்டும், அங்கேயும் இருக்கட்டும் என்று வைத்துக்கொள்ள அவருக்கு என்றைக்கு இடம் இருந்தது?

இத்தனை கல்யாணங்கள் வந்து போன அந்த டிஸ்கில் ஒரே ஒரு படம் மட்டும் இருபது வருஷமாக ஓரமாக உட்கார்ந்திருந்தது. அதற்கு 'அம்மன் எங்க தெரு' என்று பேர் வைத்திருந்தார்.

அவர் தொழில் ஆரம்பித்த புதிதில், ஒரு ஆடி மாதம், பெரிய தெருவில் கால்வாய்க்காகப் பள்ளம் வெட்டிப் போட்டிருந்தார்கள். எல்லையம்மன் டிராக்டர் மேல்தான் ஊர்வலம் வருவாள். டிராக்டர் போக வழியில்லை. வேறு வழியே இல்லாமல் கீழ்த் தெரு வழியாகத் திருப்பினார்கள். யாரும் கூடி முடிவு எடுக்கவில்லை. பள்ளம் எடுத்த முடிவு அது. ஆனாலும் அம்மன் வந்தாள். அதுவரை தெரு முனையோடு திரும்பிப் போனவள், வீட்டு வீட்டு வாசலில் நின்றாள். பட்டம்மாள் தட்டை நீட்டினார், பூசாரி வாங்கிக்கொண்டார். ஊர்வலத்துக்கு முன்னால் நடந்து வந்த பெரிய தெரு மாணிக்கவாசகத்துக்கு வேர்த்துக் கொட்டியது. பட்டம்மாள் ஒரு சொம்பு மோர் கொடுத்தார். அவர் அண்ணாந்து குடித்தார். எல்லாவற்றையும் டேனியல் எடுத்தார்.

படத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கியதும் அந்தக் கேசட்டில் அடுத்த முகூர்த்தத்தை எடுத்துவிட்டார். அந்த நாளில் ஒரு கேசட் நாலு கல்யாணம் பார்த்தால்தான் அந்தத் தொழில் கட்டுப்படியாகும். அடுத்த வருஷம் பள்ளத்தை மூடிவிட்டார்கள். அம்மனும் வழக்கம்போல முனையோடு திரும்பிவிட்டாள்.

இந்த வருஷம் கீழ்த் தெருப் பிள்ளைகள் மனு கொடுத்தார்கள். அம்மன் எங்கள் தெருவுக்கும் வர வேண்டும், அவ்வளவுதான் மனு. தாலுகா அலுவலகத்தில் இரண்டு தெருவையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். பெரிய தெரு சார்பில் விழாக் குழுத் தலைவர் மாணிக்கவாசகம் பேசினார். பட்டுத் தறிகள் வைத்திருப்பவர், குரலை உயர்த்தாதவர்.

"அப்படி ஒரு வழக்கமே இல்லீங்க. அந்தத் தெருவுக்கு அம்மன் ஒரு நாளும் போனதில்லை."

"ஒரு தடவையாவது வந்திருக்குதுன்னு ஏதாவது காட்ட முடியுமா?" என்று அதிகாரி கீழ்த் தெருவைக் கேட்டார். "முன்னாடி நடந்ததுன்னா நான் பேசிப் பார்க்கலாம்."

தெரு மொத்தமும் டேனியலைத் திரும்பிப் பார்த்தது.

"எங்கிட்ட படமே இருக்குது சார்," என்றார் டேனியல். அடுத்த கூட்டத்தில் காட்டுவதாகச் சொல்லிவிட்டு வந்தார்.

சொல்லிவிட்டார், வெளியே எடுக்க வேண்டுமே. மகள் அபி ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவள் கொண்டுவந்த பென் டிரைவைச் செருகினால், பழைய கம்ப்யூட்டர் கடன்காரனைப் பார்த்த வீடு மாதிரி வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அவள் பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி, தன் லேப்டாப்பில் ஃபார்மட் செய்து, பழசும் புதுசும் பேசிக்கொள்ள நடுவில் ஒரு சின்ன கார்டு வைத்து, பல்லிகளை நகரச் சொல்லிவிட்டு உள்ளே மாட்டினாள். திரையில் இடம் முழுசாகக் காட்டியது. அப்பனும் மகளும் சிரித்துக்கொண்டார்கள்.

"அந்த ஒண்ணை மட்டும் போட்டுக் குடுப்பா. வேற எதுவும் வேணாம்."

"சரிம்மா."

முதல் வேலையாக அதைத்தான் ஏற்றினார். கட், பேஸ்ட். எல்லாவற்றுக்கும் முன்னால், முதல் இடத்தில், எல்லையம்மன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தொழில் நிமிர்ந்த பிறகு அழிக்காமல் வைத்த கல்யாணக் கேசட்டுகள் அலமாரி நிறையப் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. டிஸ்கிலோ இடம் கிடந்தது.

"என் தெருப் படம் மட்டும் பத்திரமா ஏறிட்டா போதுமா டீச்சரம்மா? நம்பிக் குடுத்தவங்க கல்யாணம் அழுகிப் போனா பாவம் இல்லியா," என்றார் என்னிடம்.

"இத்தனை பேரை ஏத்தறியே டேனியல், பெட்டிக்கு மூச்சு முட்டாதா?"

"கடலாட்டம் இருக்குதும்மா எடம். இன்னும் ரெண்டு தலைமுறை கல்யாணம் பண்ணலாம்."

ஒவ்வொரு கல்யாணமும் கேசட்டிலிருந்து பழைய டிஸ்கில் இறங்கும். அங்கிருந்து வெட்டிப் புதியதில் ஒட்டுவார். எல்லையம்மன் இருபது வருஷம் இருந்த அந்த ஓரத்தின் மேல் கல்யாணங்கள் வரிசையாக வந்து உட்கார்ந்துவிட்டுப் போயின. கடைசியாக ஏறியது மாணிக்கவாசகத்தின் மகன் சிவபாலனின் கல்யாணம். தடபுடலாக நடந்தது, நீளமான படம்.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டார். பஸ் போய் வந்தது. திரையில் ஒரு கேள்வி நின்றது: இந்த டிஸ்க் ஃபார்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யலாமா?

செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் துடைத்துப் போய்விடும். டேனியல் வேண்டாம் என்று அமுக்கினார். பிறகு கை தப்பிப் போய்விடுமோ என்று அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் அபிக்குப் போன் செய்தார்.

அபி டிஸ்கைச் சென்னை ரிச்சி தெருவுக்கு எடுத்துப் போனாள். அழிந்ததை மீட்டுத் தருகிற ஒரு கடைக்காரர் வாங்கி வைத்துக்கொண்டார். கூட்டம் நடந்த அன்று காலையில்தான் வேறொரு புதிய டிஸ்கில் போட்டுக் கொடுத்தார். அவள் அங்கிருந்து நேராகத் தாலுகா அலுவலகம் வந்தாள். அன்றைக்கு எனக்கும் அங்கே ஏதோ வேலை இருந்தது. இல்லாவிட்டால் உண்டாக்கிக்கொண்டிருப்பேன்.

"வந்துடுச்சாம்மா?" என்றார் டேனியல், படிக்கட்டிலேயே.

"பேர் இருக்குதுப்பா. சைஸ் கூட சரியா இருக்குது. ஓட்டிப் பாக்கத்தான் டைம் இல்ல."

"பேர் இருக்குதில்ல, போதும்."

பட்டம்மாள் புதுப் புடவை கட்டி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அபி லேப்டாப்பை அதிகாரி பக்கம் திருப்பி வைத்தாள். 'அம்மன் எங்க தெரு'. எல்லோரும் பார்த்தோம். டேனியல் தட்டினார்.

திரையில் ஒரு தாமரை மொட்டு வந்தது. மெல்ல விரிந்தது. நடுவிலிருந்து மாணிக்கவாசகம் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு வந்தார்.

அறையில் யாரோ கொல்லென்று சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், கீழ்த் தெருக்காரர்களும்தான். மாணிக்கவாசகம் தன்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டேனியல் படத்தை வேகமாக முன்னால் தள்ளினார். பெண் வீட்டார் சந்தனம் பூசிக்கொண்டார்கள். இன்னும் தள்ளினார். சிவபாலன் தாஜ்மகாலுக்கு மேலே பறந்தான்.

"ஃபைலை மாத்திட்டியாம்மா?" என்றார் மகளிடம், உதடு அசையாமல்.

"இல்லப்பா. இதான்."

படம் முடியப்போகிற இடத்தில் திரை கட்டம் கட்டமாக உடைந்தது. பச்சையும் ஊதாவும் சிதறின. அப்புறம் திடீரென்று கீழ்த் தெரு வந்தது. நான் எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன் என்று ஊருக்கே தெரியும். இதை நான் கூட்டவில்லை. தண்ணீர் தெளித்த மண் தெரு. டிராக்டர் சக்கரத் தடம். இரண்டு பக்கமும் ஜனங்கள், கூப்பிய கை பிரியாமல், எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு. பட்டம்மாள் காலித் தட்டோடு நிற்கிறார், தலைமுடி முழுக்கக் கறுப்பு. எங்கேயோ மேளம் தேய்ந்துகொண்டு போகிறது. அவ்வளவுதான். படம் நின்றுவிட்டது.

அதிகாரி திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"சாமி எங்கேப்பா?"

"இப்பதான் போச்சு சார்," என்றார் டேனியல்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி நல்ல மனிதர்தான். இன்னொரு முறை போடச் சொல்லிப் பார்த்தார். கும்பிடுகிறார்கள், யாரைக் கும்பிடுகிறார்கள் என்று இதில் தெரியவில்லையே என்றார். இந்த வருஷம் பழையபடியே நடக்கட்டும் என்று எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

நடந்தது என்ன என்று ரிச்சி தெருக்காரர் பிறகுதான் அபிக்கு விளக்கினார். அவள் எனக்குச் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். அந்தப் பழைய கம்ப்யூட்டர் ஒரு பந்தி பரிமாறுகிறவன். அவனுக்கு எண்ணிக்கை நூற்று முப்பது சொச்சம் ஜிபி வரைக்கும்தான் தெரியும். பந்தி அதற்கு மேலே நீண்டால் அவனுக்கு மேலே எண்ணத் தெரியாது. பேசாமல் முதல் இலைக்குத் திரும்பி வந்து மறுபடி ஒன்று என்று ஆரம்பித்துவிடுவான். அங்கே உட்கார்ந்திருப்பவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாரே என்று பார்க்க மாட்டான். அவர் சோற்றின் மேலேயே அடுத்தவருக்கு ஊற்றுவான். கடைசியாக வந்த சிவபாலன் கல்யாணத்தை அப்படித்தான் ஊற்றினான். பின்னால் வந்த அப்டேட்டுகளில் இதைச் சரி செய்திருக்கிறார்களாம். டேனியல்தான் கதவைச் சாத்தி வைத்திருந்தாரே. மீட்கிற கடைக்காரருக்குப் பெயர்கள் கிடைத்தன, ஏனென்றால் பெயர்ப் பட்டியல் நடு இலையில் இருந்தது. முதல் இலையில் இருந்தது எல்லையம்மன்.

கூட்டம் கலைந்து வெளியே வந்தபோது, டீக்கடை நிழலில் மாணிக்கவாசகம் டேனியலைக் கூப்பிட்டார்.

"அன்னைக்கு நல்ல வெயிலுப்பா. உங்கம்மா மோர் குடுத்தாங்க. உப்பு தூக்கலா இருந்துது."

"இதை உள்ள சொல்லியிருக்கலாமே ஐயா."

"உள்ள சொல்லிட்டு நான் எந்தத் தெருவுல போய்க் குடியிருக்கறது?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். போகிறவர், நின்று திரும்பினார். "டேனியலு, எங்க வீட்டுல இருந்த கல்யாண சிடி எல்லாம் கெட்டுப்போச்சு. மருமக கேட்டுக்கினே இருக்குது. இப்ப ஓடுச்சே, அதுல ஒண்ணு போட்டுக் குடேன்."

"குடுக்கறேன் ஐயா," என்றார் டேனியல்.

ஆடி வந்தது. டிராக்டர் முனை வரைக்கும் வந்து, விளக்கெல்லாம் ஒரு தரம் கீழ்த் தெருச் சுவரில் அடித்து, திரும்பிப் போய்விட்டது. பட்டம்மாள் முனைக்குப் போகவில்லை. "வர்றவ வரட்டும், நான் எங்க வூட்லதான் இருக்கறேன்" என்று கூழ் அண்டாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். டேனியல் கேமராவைத் தொடவில்லை.

கம்ப்யூட்டரை அவர் இன்னும் தூக்கிப் போடவில்லை. மூடிதான் திறந்து கிடக்கிறது. அபி எவ்வளவோ சொல்லிவிட்டாள், யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது என்று. "காப்பி பண்ணியிருக்கலாம்மா," என்பார் ஒவ்வொரு தடவையும். "ஒரே ஒரு தடவை, வெட்டாம காப்பி பண்ணியிருக்கலாம்." கையில் இல்லாத மவுஸைப் பிடிப்பது மாதிரி விரல்கள் லேசாக மடங்கும்.

மாணிக்கவாசகத்துக்குக் கொடுக்க வேண்டிய படத்தைத் தயார் செய்த அன்று நான் கடையில் இருந்தேன். அபியின் லேப்டாப்பில் உட்கார்ந்து, உடைந்த இடங்களைச் சரி செய்துகொண்டே வந்தார். கடைசியில் அந்தத் தெரு வந்தது. கூப்பிய கைகள், காலித் தட்டு.

"இதை எடுத்துட்டுத்தானே குடுக்கணும்? அவங்க கல்யாணத்துல இது எதுக்கு?" என்றேன்.

டேனியல் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஒரு தடவை வெட்டினதே போதும் டீச்சரம்மா," என்றார். அப்படியே போட்டு உறையில் வைத்து, மேலே 'சிவபாலன் திருமணம்' என்று எழுதினார்.