கமரா விற்றவர் எடுத்த கலியாணம்

அக்கா அந்தச் செய்தியைச் சொன்னபோது நான் புட்டும் மாம்பழமும் பிசைந்துகொண்டிருந்தேன்.

"தம்பி, கோவிக்காதை. பிள்ளையின்ரை கலியாணத்துக்குப் படம் எடுக்க மாப்பிள்ளை வீட்டார் வேறை ஆக்களைப் பிடிச்சிட்டினம்" என்றாள்.

யாரை என்று கேட்டேன். அவள் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள். புட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன். எனக்குக் கமரா விற்ற மனுசன்!

வேறு யாராக இருந்தாலும் பொறுத்திருப்பேன். இந்த ஆளை மட்டும் பொறுக்க முடியவில்லை. உடுவிலில் எனக்கு ஒரு சின்ன ஸ்ரூடியோ இருக்கிறது. என்னைப்போல வலிகாமத்தில் கலியாணம், பிள்ளைகள் பெரியாளாகிற சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று கமராவைத் தூக்கிக்கொண்டு ஓடித்திரிகிற அத்தனை பேரும் யாழ்ப்பாண ரவுணில் உள்ள அவருடைய கடைக்குத்தான் போகவேண்டும். கமரா அவரிடம், லென்ஸ் அவரிடம், பற்றறியும் லைற்றும் அவரிடம். அல்பம் அடிக்கிற மெசினும் அவரிடம்தான். நாங்கள் எடுத்த படங்களை எல்லாம் அவருடைய கையில் கொண்டுபோய்க் கொடுத்து, "தம்பி, கெதியா அடிச்சுத் தாரும்" என்று கெஞ்சிக்கொண்டு நின்றோம். எந்த வீட்டில் கலியாணம், யார் எப்படி எடுக்கிறான், சனம் எந்தப் படத்தை விரும்புகிறது எல்லாம் அந்த மெசினடியில் நின்றபடியே அவர் படித்துவிட்டார்.

ஒருநாள் கடைவாசலில் புதுப் போர்டு தொங்கியது. திருமணப் படப்பிடிப்பும் செய்து தருவார்களாம். அடப்பாவி, கத்தி விற்கிறவன் தானே கறியும் காய்ச்ச வெளிக்கிட்டுவிட்டானே என்று நினைத்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் சனம் பார்க்கவென்று ஒரு அல்பம் விரித்து வைத்திருந்தது. அளவெட்டியில் நான் எடுத்த கலியாணம்!

முன்பு அதை வைக்கும்போது என்னிடம் கேட்டுத்தான் வைத்தார். "அண்ணை, உங்கடை படம் சோக்கா வந்திருக்கு. நாலு பேர் பாக்கட்டும்" என்றார். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்து ஓம் என்றேன். இப்போது அதே அல்பத்தைப் பார்த்துவிட்டுச் சனம் அவரைப் பிடித்துக்கொண்டு போகிறது. என்னைப்போல விசரன் வேறு எங்காவது உண்டா?

பொறாமைதான். அதை மறைத்து எனக்கென்ன ஆகப்போகிறது? அவர் முகநூலில் போடுகிற படங்களைத் தினமும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பிழை தேடினேன். பொம்பிளையின் முகம் மஞ்சளடித்திருந்தால் அன்றைக்கு ஒரு பிடி சோறு கூடுதலாக இறங்கும். பிழை ஒன்றும் அகப்படாத நாளில் மனுசியோடு கொழுவல்.

"இஞ்சேருங்கோ, உவற்றை படத்தை உவரே இவ்வளவு நேரம் பாத்திருக்கமாட்டார்" என்பாள் அவள்.

எல்லாவற்றையும்விட அந்த லென்ஸ்தான் என்னைத் தின்றது. கோயில் இருட்டுக்குள்ளும் பிளாஷ் அடிக்காமல் பளிச்சென்று எடுக்கக்கூடிய சாமான். எத்தனையோ தரம் கேட்டேன். "கொழும்பிலையும் இல்லை அண்ணை. வந்தா முதல் உங்களுக்குத்தான்" என்றார். பிறகு அவருடைய படங்களைப் பார்த்தால், சந்தேகமே இல்லை, அந்த லென்ஸால் எடுத்தவை. எனக்கு விற்காமல் தனக்கு வைத்துக்கொண்டார். அறுவான்!

அக்கா சொல்லிவிட்டுப் போனதற்கு அடுத்த நாள் அவளுடைய மகள், என் மருமகள், வந்தாள். சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு நேரே ஸ்ரூடியோவுக்குள் வந்து, என் எதிரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். நான் கம்பியூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, கோவமோ?"

"எனக்கென்ன கோவம். சுவிஸ் மாப்பிள்ளை வீட்டார், பெரிய ஆக்கள். கண்டறியாத ட்ரோனெல்லாம் வேணும்தானே."

"அவையள்தான் ஆளைப் பிடிச்சவை. ஆனா நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் விடாமல் கதைத்தாள். "எனக்கு முதல் சோறு தீத்தினதிலை இருந்து சாமத்தியப்படம் வரைக்கும் எல்லாம் நீங்கள் எடுத்தது. ஒண்டிலையாவது நீங்கள் இருக்கிறியளோ? கலியாணத்திலையும் கமராவுக்குப் பின்னாலைதான் நிப்பியளோ? தாலி கட்டேக்கை எனக்கு நேர முன்னாலை நில்லுங்கோ மாமா. நான் தலை குனிஞ்சிருப்பன், ஒண்டும் தெரியாது. நீங்கள் வடிவாப் பாத்து எனக்குப் பேந்து சொல்லோணும். எனக்கு அது போதும்."

சமாளிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அவளுடைய கண்ணைப் பார்த்தேன். சமாளிப்பு இல்லை. ஓம் என்றேன். அவள் போனபிறகு பழைய படங்களையெல்லாம் தட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. ஒன்றிலும் நான் இல்லை.

கலியாணம் கோயிலில். கடைக்காரர் தன்னுடைய ஆட்களோடு வான் வண்டியில் வந்து இறங்கினார். எல்லோரும் கறுப்பு ரீசேர்ட், முதுகில் கடைப் பெயர். ஐயர் வாசலிலேயே மறித்து, "தம்பிமார், சேர்ட்டைக் கழட்டிப்போட்டு உள்ளை வாங்கோ" என்றார். அன்றைக்கு என் வயிற்றில் பால் வார்த்தது அந்த ஒரு சொல்தான். கடைப் பெயரைக் கழற்றி வண்டிக்குள் எறிந்துவிட்டு, வெறும் மேலில் கமராப் பட்டியை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

அவர் என்னைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்தார். "அண்ணை, இண்டைக்கு உங்களுக்கு வேலையில்லை. சிவனே எண்டு நிண்டு பாருங்கோ."

அவருடைய நெஞ்சில் தொங்கிய கமராவில் அந்த லென்ஸ். நான் நினைத்ததைவிடப் பெரியது. அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னார் என்று காதில் விழவில்லை.

சொன்னபடியே மணவறைக்கு நேர் முன்னால் போய் நின்றேன். மருமகள் கூறைச்சேலை மாற்றி வந்து இருந்தாள். அவளைத்தான் பார்த்தேன், உண்மையாகவே. கமரா இல்லாமல் கை வெறுமையாக இருந்ததால், வாழ்த்தி எறியத் தந்த அறுகரிசியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆனால் கண் பழக்கதோஷத்தில் கடைக்காரர் பக்கம் போய்விட்டது. அவர் நின்ற இடம் பிழை. தாலியை எடுத்துக் கொடுக்க ஐயர் எழும்பினால் முழுதாக மறைத்துவிடுவார். அனுபவம் இல்லாதவனுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். மறையுங்கோ ஐயா, நல்லா மறையுங்கோ என்று மனதுக்குள் கும்பிட்டேன். பெற்ற மகளைப்போல வளர்ந்த பிள்ளையின் தாலிகட்டுப் படம் கெட்டுப்போகவேண்டும் என்று கும்பிட்டேன்! என்ன மனுசன் நான்?

கெட்டிமேளம் முழங்கியது. ஐயர் எழும்பினார். அந்தக் கணத்தில் கடைக்காரர் முழங்காலை மடித்து, ஐயரின் கைக்குக் கீழால் வழுகிப்போய் வலது தூணடியில் குந்தினார். அது என்னுடைய இடம். எந்தக் கோயில் கலியாணத்திலும் கெட்டிமேளத்துக்கு நான் போய்க் குந்துகிற இடம். அளவெட்டி அல்பத்தில் அங்கிருந்து எடுத்த படம்தான் முதல் பக்கம். பார்த்துப் படித்திருக்கிறான்! நான் அவரையே பார்த்தேன். லென்ஸைப் பார்த்தேன். விரல் அமத்துவதைப் பார்த்தேன். ஒரு கிளிக்கும் பிசகவில்லை. பற்றி எரிந்தது எனக்கு.

மணவறைப் பக்கம் திரும்பியபோது சனம் அறுகரிசி எறிந்து முடித்திருந்தது. மருமகளின் கழுத்தில் தாலிக்கொடி மினுங்கியது. என் கைக்குள் அரிசி அப்படியே இருந்தது. அவசரமாக எறிந்தேன். அது எனக்கு முன்னால் வந்து நின்றவரின் முதுகில்தான் பட்டது.

மணமக்கள் சுவிசுக்கு வெளிக்கிட முதல் அல்பத்தைக் கடைக்காரரே அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்தார். எல்லோரும் சுற்றி இருந்தோம். மருமகள் மடியில் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் பிரட்டினாள். தாலிகட்டு இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து அடித்திருந்தது. நல்ல படம். அதைச் சொல்லவேண்டியிருப்பதுதான் கொடுமை. நான் எடுத்திருந்தாலும் அதைவிட நன்றாக வந்திராது. அக்கா அழுகிறாள், அத்தான் கைகூப்புகிறார், அத்தனை கண்களும் தாலியில். ஓரத்தில் ஒரு வெறும்மேல் ஆள் மட்டும், எறியாத அரிசியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பாகற்காயைக் கடித்த முகத்தோடு, படத்துக்கு வெளியே நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

என் மனுசி அதைக் கண்டுவிட்டாள். தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். மருமகள் இன்னும் காணவில்லை. அவளுடைய விரல் கொடியின் மேல் இருந்தது.

"மாமா, கொடியின்ரை சுரையைப் பின்னாலை திருகிப் பூட்டேக்கை தனக்குக் கை நடுங்கேல்லை எண்டு இவர் ஒரே சத்தியம் பண்ணுறார். எனக்குப் பிடரியிலை ஏதோ தடவினது மாதிரிக் கிடந்தது" என்றாள். "நீங்கள்தானே நேர முன்னாலை நிண்டனீங்கள். சொல்லுங்கோ, நடுங்கினதோ?"

மாப்பிள்ளை சிரித்தபடி என்னைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

"எடுத்தவரைக் கேள் பிள்ளை" என்றேன். "அவர்தான் பாத்தவர்."

மருமகள் என்னைப் பார்த்தாள். பிறகு படத்தைக் குனிந்து பார்த்தாள். விரல் மெல்ல ஓரத்துக்கு நகர்ந்து, அங்கே நின்றது.

கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. உற்சாகமாகக் கதிரையை முன்னுக்கு இழுத்தார். "நடுங்காமல் என்ன தங்கச்சி! சுரை ஒருக்கா வழுகி விழப் பாத்தது. பேந்து மாப்பிள்ளை கண்ணை மூடி ஒரு மூச்சு எடுத்தார். பூட்டி முடிச்சிட்டுக் கொடியை ஒருக்கால் தொட்டும் பாத்தவர், கழண்டிடுமோ எண்டு" என்று கையால் செய்து காட்டினார். வீடே சிரித்தது.

நானும் மற்றவர்களோடு இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.