நாட்டை மாற்றச் சொன்னார்கள்

அவளை எல்லோரும் ஏணியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய வேனின் மேல் எந்நேரமும் ஓர் அலுமினிய ஏணி கட்டியிருக்கும். ஏறுவது அவள். கீழே நின்று பிடித்துக்கொள்வது புருஷன். அவனுக்கு உயரம் என்றாலே பயம். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் சேர்ந்து கட்டிடத்துக்குக் கட்டிடம் வயர் இல்லாமல் இன்டர்நெட் இணைப்புக் கொடுத்து வந்தார்கள்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. அக்கரையில் நாலு கிலோமீட்டர் தள்ளி அதன் கிளை. பாலத்தின் மேல் கேபிள் இழுக்க அனுமதி கிடைக்காததால், இரண்டு மொட்டைமாடியிலும் தலா ஒரு வைஃபை பெட்டியை ஏணியக்காதான் எதிரெதிராகப் பொருத்தினாள். இந்த அலைவரிசைக்கு லைசென்ஸ் வேண்டாம். ஆனால் எவ்வளவு சக்தியில் அனுப்பலாம் என்று ஒவ்வொரு நாடும் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. பெட்டிக்குள் நாடுகளின் பட்டியல் இருக்கும். எந்த நாட்டைத் தொடுகிறோமோ அந்த நாட்டு வரம்புக்குள் அது வேலை செய்யும்.

அவள் தன் நாட்டைத்தான் தொட்டாள். ஒரு எக்ஸ்ரே படம் ஆற்றைத் தாண்ட இருபது நிமிஷம் ஆனது.

ஆஸ்பத்திரி மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். "பட்டியல்ல வேற நாட்டை வச்சா அஞ்சு மடங்கு சக்தி வருமாமே?"

"வரும் சார். பெட்டிக்குக் கண்ணா இருக்கு, எங்க நிக்கிறோம்னு பார்க்க? நாம சொல்றத நம்பிடும். ஆனா மழை பார்க்கிற ரேடாரும் இதே அலையிலதான் இருக்கு. நம்ம நாட்டை வச்சா, ரேடார் இருக்கிற இடத்தை விட்டுப் பெட்டி தானா ஒதுங்கிக்கும். மாத்தினா ஒதுங்காது."

"அப்ப வேற வழி?"

"கத்தக் கூடாதுன்னா காதைப் பெருசாக்கணும். ரெண்டு பக்கமும் பெரிய டிஷ் போட்டு, அனுப்புற சக்தியை வரம்புக்குள்ள குறைச்சுக்கலாம். வாங்குற பக்கம் நல்லாக் கேட்கும். டிஷ்ஷைத் தாங்குற கம்பத்தைப் பலப்படுத்த மூணு வாரம் வேணும்."

"மூணு வாரமா!" என்றார் மேனேஜர்.

மறுநாள் வேறொருவனை வரவழைத்தார். கறுப்புக் கண்ணாடி போட்ட ஆள். பத்தே நிமிஷத்தில் நாட்டை மாற்றிவிட்டுப் போனான். "ஒரு நிமிஷத்துல வருதும்மா படம்!" என்று மேனேஜர் வேலை மெனக்கெட்டு போன் பண்ணிச் சொன்னபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீயே மாத்திக் கொடுத்திருக்கலாம்," என்றான் புருஷன். "யாரு வந்து பார்க்கப் போறா?"

"ஆமா, நான் ஒருத்திதான் ஊர்ல பைத்தியம்!" கையிலிருந்த கட்டிங் பிளேயரைத் தரையில் வீசினாள்.

இரண்டு மாதம் கழித்து யாரோ வந்துதான் பார்த்தார்கள். வானிலைத் துறையின் ரேடார் திரையில் மழை தெரியவேண்டிய இடத்தில் நீளமாக ஒரு கோடு. அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டு போன அலைவரிசைத் துறை இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரி மாடியில் போய் நின்றார். இணைப்பை உடனே நிறுத்தினார். பிறகு ஏணியக்காவின் பட்டறைக்கு வந்தார்.

"பொருத்தினவங்கன்னு பதிவுல உங்க பேருதான் இருக்கு."

"பொருத்தினது நான்தான் சார். மாத்தினது நான் இல்ல."

"அதை எழுதிக் கொடுங்க."

எழுதிக் கொடுத்தாள். விசாரணை முடியும்வரை அவளுடைய தொழில் பதிவை நிறுத்திவைத்தார்கள். துறை அலுவலகத்தின் மூன்றாம் கவுன்டரில் கேட்டால் ஏழுக்குப் போகச் சொன்னார்கள். ஏழில் இருந்தவர் மூன்றுக்கு. ஐந்து வாரம் வேன் வாசலை விட்டு அசையவில்லை. வரம்பு மீறாதே என்று வாய் வலிக்கச் சொன்னவளுக்கு வரம்பு மீறியவள் என்ற பட்டம்! சோறு இறங்கவில்லை அவளுக்கு.

யார், எப்போது மாற்றினார்கள் என்பது பெட்டிக்குள்ளேயே பதிவாகியிருக்கும். ஆனால் மேனேஜர் புதுக் கடவுச்சொல்லைத் தர மாட்டேன் என்று முரண்டு பிடித்தார். கடைசியில் அக்கரைக் கிளை டாக்டரம்மாவிடம் போனாள். அந்த வேகத்தால் பலன் அடைந்தவரே அவர்தான்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டார். "எனக்கு வேகம் பிடிச்சுத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அதுக்காக இதை உங்க தலையில கட்டுறது அநியாயம்." அக்கரைப் பெட்டியின் கடவுச்சொல் அவரிடமும் இருந்தது. தன் கம்ப்யூட்டரிலேயே பதிவைத் திறந்து, அச்செடுத்து, அடியில் கையெழுத்தும் போட்டார். நாடு மாற்றப்பட்ட தேதியில் ஏணியக்கா ஆற்றுப் பக்கமே போயிருக்கவில்லை.

ஒரு வரிக் கடிதத்தில் தடை நீங்கியது. வருந்துகிறோம் என்று ஒரு வார்த்தை இல்லை.

இணைப்பு நின்றுபோன ஆஸ்பத்திரி வேறு வழியில்லாமல் அவளையே கூப்பிட்டது. பெரிய டிஷ்களை அவளேதான் மாட்டினாள். வரம்புக்குள் நின்று, நாலு நிமிஷத்தில் படம் போனது. மேனேஜர் மாடிக்கு வந்து பார்த்தார்.

"முன்னாடி ஒரு நிமிஷம்தானே ஆச்சு?"

அவள் ஸ்பானரைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

விதி இருக்கக் கூடாது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ஊசி போல நேராகப் போகும் டிஷ்ஷுக்கும், நாலாபுறமும் இரையும் பெட்டிக்கும் ஒரே அளவா என்பதுதான் அவள் கேள்வி. ரேடார் இல்லாத அலையில், டிஷ்ஷுக்கு மட்டும் கொஞ்சம் தளர்த்தக் கேட்டு மனு போட்டாள். "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது.

"விட்டுத் தொலையேன்," என்றான் புருஷன்.

"விடறதா? நீ ஏணியைப் பிடி."

அக்கரை மாடியில் ஏறி சிக்னலை அளந்த கணக்கையும் சேர்த்து இரண்டாவது மனு எழுதினாள். அதற்கும் அதே பதில்தான் வந்தது, தேதி மட்டும் வேறு.